மாதா கேட்காத நேர்த்தி

ஏரோப்பிளேனுக்கு இறக்கை தைத்தவள் நான் என்று சொன்னால் என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வேலையில் நான் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட "ஒரு பொய் சொன்னேன் சுவாமி" என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று அவரும் கேட்கவில்லை. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவு மலிவாகத் தீர்ந்துபோகிற விஷயமா அது? எனக்குத் தெரியும், இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பாதி. கண்டி டவுனிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு வேர்க்ஷொப் இருந்தது. முன்பக்கம் கார்களும் தோட்டத்து லொறிகளும் நிற்கும். பின்பக்கம் நீளமாக ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் நாங்கள் இரண்டு பெண்கள் கார்களுக்கு மேல்துணி தைப்போம், சீட்டுக்குக் குஷன் போடுவோம். நான் மாதா கோயில் தையல்காரி. பீடத்துத் துணி, சுவாமிமாரின் பூசை உடுப்பு எல்லாம் என் கையால்தான் போகும். அதனால் எனக்கு நடையிலேயே ஒரு மிதப்பு இருந்தது, மறைப்பானேன்.

மற்றவள் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தேயிலை ஸ்டோரில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் புருஷனுக்கு எங்கள் வேர்க்ஷொப்பில் லொறி ஓட்டுகிற வேலை கிடைத்தபோது கூடவே வந்து, வளவின் கடைசியில் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள். எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்பாள். நான் அதை எனக்கு வரவேண்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவளுடைய நல்ல குணம் அது என்று நினைக்கவே இல்லை.

வேர்க்ஷொப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் பாஸ். ஏரோப்பிளேன் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிற அத்தாட்சி அவரிடம் இருந்தது. கண்டியில் அந்த அத்தாட்சியை வைத்து என்ன செய்வது என்று ஊரே கேலி பண்ணியது. அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார்.

துரைக்குத் தேயிலைத் தோட்டமும் இருந்தது, சொந்தமாகச் சின்ன ஏரோப்பிளேன் ஒன்றும் இருந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டே பேர் உட்காரலாம். பேராதனைக்கு அப்பால், நாங்கள் கங்கை என்று சொல்லுகிற ஆற்றின் ஓரத்தில், மாடு மேய்கிற நீளமான புல்வெளி ஒன்றில் கொட்டகை போட்டு அதை நிறுத்தியிருந்தார். அதற்கு முன்பு வேறோர் இடத்தில் அதை ரிப்பேருக்குக் கொடுத்துவந்தாராம். அங்கே வேலை சரி என்று கடதாசி எல்லாம் ஒழுங்காக வருமாம். ஆனால் ஆகாயத்தில் போன பிறகு ஒரு கம்பி தளர்ந்து, உயிர் தப்பி இறங்கி, "யார் பூட்டினது?" என்று கேட்டால், அங்கிருந்தவர்கள் ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார்களாம். அன்றோடு அந்த இடத்தை விட்டார்.

எங்கள் பாஸிடம் அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் முதல் தடவை பறக்கும்போது, அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் முன் சீட்டில் ஏறி அவரோடு வரவேண்டும். யார் என்பதைத் துரை அந்த இடத்தில் வைத்துத்தான் சொல்லுவார். பாஸ் அதற்கு ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை, தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட முன்பு வேலை செய்த ஒவ்வொருவரிடமும் வந்து, முகத்தைப் பார்த்து, "இதில நீர் ஏறுவீரோ?" என்று கேட்பார். "ஏறுவேன்" என்று சொன்னால்தான் பேனாவைத் திறப்பார். ஒரு தடவை எஞ்சின் வேலை செய்தவர் சிரித்துக்கொண்டே, "பார்ப்பம் பாஸ்" என்றார். பாஸ் அந்த எஞ்சினைத் திரும்ப முழுக்கக் கழற்ற வைத்தார்.

இதனால்தான் துரைக்குப் பாஸின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வேறு எந்த விஷயத்திலும் துரை துரைதான், பாஸ் தள்ளி நின்றுதான் பேசவேண்டும். ஆனால் பாஸ் "இன்றைக்குப் பறக்க வேண்டாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டால், துரை மறுபேச்சுப் பேசாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு ஏரோப்பிளேனின் இடது இறக்கைத் துணி இற்றுப்போய்விட்டது. இறக்கையைக் கழற்றி லொறியில் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே வெறும் மரச் சட்டங்கள். அதன் மேல் லினன் துணியைப் போர்த்தி, டோப் என்று ஒரு மருந்து பூசுவார்கள். கனிந்துபோன வாழைப்பழ வாசம் அடிக்கும், அரை நாளில் தலை இடிக்கும். மருந்து காய்ந்ததும் துணி மத்தளம் போல இறுகிவிடும். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை. இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒரு முழ ஊசியை இங்கிருந்து நான் குத்தி அனுப்ப, அவள் வாங்கி, சட்டத்தைச் சுற்றித் திருப்பி அனுப்புவாள். மூன்று விரற்கடைக்கு ஒரு முடிச்சு. அந்த முடிச்சுகள்தான் துணியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கின்றன. முடிச்சு விட்டால் மேலே காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், துணி போனால் இறக்கை இல்லை. இதைப் பாஸ் எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

நூலுக்குத் தேன்மெழுகு தேய்க்கவேண்டும். மெழுகு ஏறிய நூல்தான் முடிச்சை இறுகப் பிடிக்கும். கடைசி ஏழு சட்டம் மிச்சம் இருக்கும்போது மெழுகு தீர்ந்துவிட்டது. அது ஒரு வெள்ளிக்கிழமை.

பாஸ் வந்து பார்த்தார். "நாளைக்குத் தேன்காரன் வருவான். அதுமட்டும் பொறுங்கோ. அவசரம் ஒண்டும் இல்லை" என்றார்.

அவருக்கு அவசரம் இல்லை, எனக்கு இருந்தது. அடுத்த கிழமை கோயில் திருநாள். மாதா சுரூபத்துக்குப் புதுச் சால்வை தைத்துத் தருவதாக நான் வாய் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை முழுக்க அதற்கென்று ஒதுக்கியிருந்தேன். என் பையில் மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு டின் நிறைய இருந்தன. கோயிலில் எரிந்து மிஞ்சியவை. பூசை உடுப்புத் தைக்கும்போது நூல் வழுக்கிப் போவதற்காக வைத்திருந்தேன். பீடத்தில் எரிவது தேன்மெழுகுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டின்னைத் திறந்தேன்.

பீடத்தில் எரிவது தேன்மெழுகுதான். ஆனால் அந்த டின்னில் இருந்ததில் பாதி, சனம் கடையில் வாங்கி வந்து ஏற்றுகிற வெள்ளைத் திரி. அது வேறு மெழுகு. நூலில் ஏறாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முதல் சட்டத்திலேயே எனக்குத் தெரிந்தது. முடிச்சை நகத்தால் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது.

நான் அடுத்த குத்தைக் குத்தினேன்.

இரண்டாவது சட்டத்தில் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அக்கா, முடிச்சு நிக்க மாட்டேங்குதே. வழுக்குதுக்கா."

"வழுக்காது. இழுத்துப் போடு."

"இழுத்துத்தான் போடுறேன். நாளைக்குத் தேன்மெழுகு வந்துரும்ல, அதுக்கப்புறம் தைப்போமே?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அவள் சொன்னது சரி என்பதால்தான் அப்படி ஏறியது. "நான் சுவாமிமாருக்குத் தைக்கிறவ. நீ சாக்குத் தைச்சவ. உனக்கு முடிச்சப் பத்தி என்னடி தெரியும்? வாய மூடிக்கிட்டு ஊசிய வாங்கு" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு ஊசியை வாங்கினாள். ஏழு சட்டமும் முடிந்தன. நாலு மணிக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு, பீடத்துத் தேன்மெழுகால் முடித்தாயிற்று என்று பாஸிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வேலைக்கு வருவதாக இல்லை. ஆனாலும் பாஸ் கையெழுத்துப் போட முன்பு எங்களைக் கேட்பார் அல்லவா, அதற்காகப் பத்து மணிக்கு வந்து தலையைக் காட்டினேன். அதற்குள் பெயின்ற் அடிக்கிறவர்கள் தையலின் மேல் துணிப் பட்டி ஒட்டி மருந்தைப் பூசிவிட்டார்கள். இனி முடிச்சு ஒன்றும் வெளியே தெரியாது. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. காலையிலேயே சோம்பிக்கொண்டு இருக்கிறாளே என்றுதான் என் புத்தி போயிற்று.

பாஸ் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை, இதில நீர் ஏறுவீரோ?"

"ஏறுவேன் பாஸ்" என்றேன். கோயில் தையல்காரி, கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அவளிடம் கேட்டார். "ஏறுவேங்க" என்றாள்.

பாஸ் பேனாவைத் திறந்தார்.

மாதா சால்வையைத் தைத்து முடித்தேன். அந்தக் கிழமை முழுக்க அந்த ஏழு சட்டமும் என் கூடவே வந்தன. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் பாஸின் மேசை வரைக்கும் போனேன். சொன்னால் பட்டியைக் கிழித்து, மருந்தைச் சுரண்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. "ஏறுவேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றும் ஆகாது, இத்தனை முடிச்சு இருக்கிறது, ஏழு சட்டம் என்ன பெரிய சட்டம் என்று என்னைத் தேற்றிக்கொண்டு இரண்டு தரமும் திரும்பி வந்தேன். துரை எஞ்சின்காரரைத்தான் கூப்பிடுவார், எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவார் என்றும் நினைத்துக்கொண்டேன். எஞ்சின்காரருக்கும் உயிர் இருந்தது, மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அதை நான் நினைக்கவில்லை.

பறக்கிற நாள் காலையில் எல்லோரும் லொறியில் அந்தப் புல்வெளிக்குப் போனோம். கங்கைப் பக்கமிருந்து மெல்லிய காற்று. துரை இறக்கையைத் தட்டிப் பார்த்தார், அது மத்தளம் போலவே பேசியது.

துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். நீ, வா, போ மட்டும்தான் அதில் இருக்கும். எங்களைப் பார்த்து, "இந்த தடவை ரெக்கை தைச்ச பொம்பளை வாறது" என்றார். பிறகு விரலை என் பக்கம் நீட்டினார். "பெரியவ, நீ வா."

எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். பெண்பிள்ளை ஒருத்தி ஏறப்போவது அதுதான் முதல் தடவை. பாஸுக்கு முகம் பூரித்துப்போயிற்று. தோல் தொப்பியை அவரே எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் அந்தத் தொப்பியை வாங்கவில்லை. "முடியாது பாஸ். மாதாவுக்கு நேர்த்தி வச்சிருக்கேன். திருநாள் முடியிற வரைக்கும் தரையை விட்டுக் கால் எடுக்கக் கூடாது" என்றேன்.

சீ! அப்படி ஒரு நேர்த்தியை எந்த மாதாவும் யாரிடமும் கேட்டதில்லை. சற்று முன்னால்தான் லொறியில் ஏறி வந்திருந்தேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, ஆனால் சரளமாக வந்தது.

பாஸின் கை தொப்பியோடு நின்றது. அவருக்கு முகம் மாறிவிட்டது. துரை புருவத்தை நெரித்துப் பாஸைப் பார்த்தார். தைத்தவள் ஏற மறுத்தால் அந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் பாஸே, "இன்றைக்குப் பறக்க வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். நான் அதற்காகத்தான் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

அவள் முன்னால் வந்தாள். "நேர்த்தின்னா விட்டுருங்க பாஸ். சாமி காரியம். நானுந்தானே தைச்சேன், நான் போறேன்" என்று தொப்பியை வாங்கிக் கொண்டையின் மேல் அமுக்கினாள். அது பாதிதான் இறங்கியது. அவள் புருஷன் சிரித்துக்கொண்டே, "கொண்டைய அவுத்துப் போட்டுக்க புள்ள" என்றான். அவிழ்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "கும்புட்டுக்கங்கக்கா" என்றாள். ஏரோப்பிளேன் ஏறுகிற பயத்தில் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்; அந்த முடிச்சுகளை நினைத்துச் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்கூட வாயைத் திறந்திருக்கலாம். "இறங்கு" என்று ஒரு வார்த்தை. எஞ்சின் சத்தம் போடத் தொடங்கும் மட்டும் நேரம் இருந்தது. நான் கையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏரோப்பிளேன் புல்லில் ஓடி, மாடுகளைக் கலைத்து, மரங்களுக்கு மேலே ஏறிப் போனது.

எவ்வளவு நேரம் பறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஹந்தானை மலைப் பக்கமாகப் போய்த் திரும்பினார்கள் என்றார்கள். நான் இடது இறக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அவள் புருஷன், "பாருங்கக்கா, பாருங்கக்கா, என் பொஞ்சாதி போறா" என்று என் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான் மாதாவிடம், இவள் மட்டும் பத்திரமாக இறங்கட்டும், பாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். அதுதான் அன்றைக்கு நான் உண்மையாக வைத்த ஒரே நேர்த்தி. அதையும் நான் நிறைவேற்றவில்லை.

இறங்கினார்கள். சக்கரம் புல்லில் பட்டு, இரண்டு தரம் துள்ளி, நின்றது. துரை பாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் தலைமுடி முழுக்கச் சிக்குப் பிடித்து, கண்ணெல்லாம் தண்ணீர் வழிந்து, சிரித்துக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. அவள் காதோடு கேட்டேன், "முடிச்சு நின்னுச்சாடி? நின்னுச்சா?"

"நிக்காம எங்க போகும்? அந்த ஏழு சட்டத்தையும் நான் பிரிச்சுத் தைச்சுட்டேனேக்கா" என்றாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"நீங்க போனதும் தெருமுனையில செருப்புத் தைக்கிறவர்கிட்டப் போயி ஒரு உருண்டை தேன்மெழுகு வாங்கியாந்தேன். அவங்களும் நூலுக்கு அதத்தான் தேய்க்கிறாங்க. விடியக்காலம் எந்திரிச்சு, எங்க வீட்டுக்காரர அந்தப் பக்கம் நிக்க வச்சு, பெயின்றுக்காரங்க வரதுக்குள்ள முடிச்சுட்டேன். பாஸுக்குத் தெரிஞ்சா உங்கள ஏசுவாருன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொன்னா, சாக்குக்காரிக்கு எம்புட்டுத் திமிருன்னு கோவிச்சுக்குவீங்கன்னு..." என்று சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவள், பாதியில் நின்றாள்.

என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த செபமாலையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நான் கிட்டே நின்று பார்த்தேன்.

"அப்ப உங்களுக்கும் தெரியுமாக்கா, முடிச்சு நிக்காதுன்னு?"

தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. செபமாலையை முந்தானைக்குள் மறைத்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிப் பாஸிடம் கொடுத்துவிட்டு, புருஷனோடு லொறியின் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். வழக்கமாக என்னோடு பின்னால்தான் உட்காருவாள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். திங்கட்கிழமை வழக்கம்போல வந்தாள், அக்கா என்றுதான் கூப்பிட்டாள், ஊசியைக் கேட்டால் தந்தாள். துரை தன் சிநேகிதர் ஒருவரின் ஏரோப்பிளேனையும் எங்களிடம் அனுப்பிவைத்தார். பாஸின் நம்பிக்கையான வேலைக்குக் கிடைத்த பேர் அது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நம்பிக்கை எந்த விடியக்காலையில், யாருடைய விரலில் குத்துப்பட்டு நிலைத்தது என்று எனக்கும் அந்தப் புருஷன் பெண்சாதிக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சிநேகிதரின் ஏரோப்பிளேன் வால் துணியை நாங்கள் இருவரும் தைத்தோம். ஒவ்வொரு முடிச்சையும் நான் நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. வேலை முடிந்ததும் பாஸ் பேனாவோடு வந்தார். இந்தத் தடவை ஏறியே தீருவது என்று நான் முடிவு செய்திருந்தேன். துரை கூப்பிடாவிட்டாலும் நானே போய்க் கேட்பதாக இருந்தேன். பாஸ் என் முகத்தைப் பார்த்து, "இதில நீர்..." என்று தொடங்கினார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் குறுக்கே வந்தாள். அவள் குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. தங்கச்சி ஒருத்தி அக்காவின் மானத்தை மூடுவது போலத்தான் சொன்னாள்.

"அக்காவக் கேக்காதீங்க பாஸ். அக்காவுக்கு நேர்த்தி இருக்கும். நான் ஏறுறேன்."

பாஸ் ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின்பு நான் அங்கே வேலை செய்த காலம் முழுக்க, அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவே இல்லை.